குழாய் கிழியவில்லை, பாய்

பாய்,

நேற்று மெக்கானிக் காரின் கார்பெட்டைத் தூக்கியதும் மக்கிப்போன புளிய இலை வாடை குப்பென்று வந்தது. உங்களை நினைக்க இதைவிட நல்ல வாசனை எனக்கு வாய்க்கவில்லை.

கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறவனுக்கு இந்தக் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் ஓடித் தளர்ந்த வெளிநாட்டு சொகுசு கார். கூரைக் கண்ணாடி திறந்து மூடுவதைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். வளைகுடாவில் இதே ரகக் காரை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த உங்களை டிரைவராக வைத்துக்கொண்டேன். முதல் நாளே கிடங்கு வாசல் புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, "இதுக்குக் கீழ நிப்பாட்டாதீங்கண்ணே" என்றீர்கள். நிழலை விட்டுவிட்டு வெயிலில் நிறுத்த எனக்கென்ன பைத்தியமா?

சில நாள் காலையில் காரின் பின்பக்கம் எருமை மாதிரி படுத்துக் கிடக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். நீங்கள் சோப்புத் தண்ணீரைத் தடவி, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப்பையில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்தீர்கள். "லைட்டு எரியிற எடத்துல கோளாறு இருக்காதுண்ணே. அது நம்மளச் சும்மா கூப்புடும். தேடிப் போறது நம்ம வேல."

சனிக்கிழமை தோறும் கூரைக் கண்ணாடியைத் திறந்து, நாலு மூலையிலும் உள்ள சின்னத் துளைகளில் தடித்த தூண்டில் நரம்பை விட்டு எடுப்பீர்கள். உங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்திலிருந்து நீங்களே கொண்டுவந்த நரம்பு. "மழத் தண்ணி எறங்குற குழாய்ண்ணே. எல அடைச்சா தண்ணி உள்ள வந்துரும்." எனக்கு அது வேலையற்ற வேலையாகத் தெரிந்தது.

மகள் கல்யாணத்துக்காக நீங்கள் இரண்டு வாரம் ஊருக்குப் போனீர்கள். நல்ல மழை. கார் புளியமரத்தடியில்தான் நின்றது. நீங்கள் திரும்பிய அன்று முன் இருக்கையின் காலடியில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். மூட்டை ஏற்றுகிறவர்கள் முன்னால் கத்தினேன்: "நரம்ப விட்டுக் குத்திக் குத்திக் குழாயக் கிழிச்சுட்டீங்க பாய். இனி அதத் தொடாதீங்க."

"சரிங்கண்ணே" என்றீர்கள். நரம்பைச் சுருட்டி டிக்கியில் வைத்தீர்கள். அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனீர்கள். நானும் இருங்கள் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு கண்ணாடிகள் தாமாக இறங்கின. ஹாரன் தானாக அடித்தது. இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. எந்த மெக்கானிக் வந்தாலும் நான் சொன்ன முதல் வார்த்தை, "பாய் குழாயக் கிழிச்சுட்டாரு." அவர்களும் நம்பி, எந்த விளக்கு எரிந்ததோ அது காட்டிய பாகத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்கள்.

போன மாதம் நீங்கள் மௌத்தான செய்தி வந்தது. சாவியைத் திருகினேன், கார் கிளம்பவில்லை. பஸ் மாறி மாறிக் கோட்டைப்பட்டினம் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அன்றும் பஸ்ஸில் உட்கார்ந்து உங்களைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று வந்தவர் புதுக்கோட்டைக்காரர். நான் வழக்கமான வார்த்தையைச் சொல்லியும் அவர் நம்பவில்லை. குழாயை முழுசாக உருவித் தரையில் போட்டுத் தண்ணீர் விட்டார். "ஒரு கீறல்கூட இல்லண்ணே. எல அடைச்சு, தண்ணி வழிஞ்சு, கார்பெட்டுக்கு அடியில இருக்குற கரண்டு பெட்டில எறங்கிருக்கு. பாருங்க, பச்ச புடிச்சுக் கெடக்கு. அப்பப்ப ஒரு நரம்ப விட்டு எடுத்துருந்தாப் போதும்."

டிக்கியைத் திறந்தேன். நீங்கள் சுருட்டி வைத்த நரம்பு ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

கார் இப்போது வெயிலில் நிற்கிறது. இன்று சனிக்கிழமை, நாலு துளையிலும் நரம்பை விட்டு எடுத்தேன். மூட்டை ஏற்றுகிறவர்களில் ஒருவர், "வண்டி ஓடுதாண்ணே?" என்று கேட்டார். அன்று நான் கத்தியபோது அவரும் நின்றிருந்தார்.

"பாய் குழாயக் கிழிக்கலப்பா" என்றேன்.