மாமா முதலில் போட்டுப் பார்த்த சட்டை

பேருந்துப் பணிமனை, கண்ணாடிக் கூண்டு
பிப்ரவரி 3

அருமை ஒட்டடைக்குச்சிக்கு,

மாமா எழுதுவது. இந்தப் பேனாவின் மேல் ஆணை, நான் இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீ நம்பினால் அப்புறம் உன்னையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். யோசித்துப் படி.

போன மாதம் என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாயே: "ஒரேயடியா பொம்பளை டிரெஸ்ல வந்து நிக்க எனக்கு இன்னும் தைரியம் வரல மாமா. இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம இருக்கற துணியா ஒண்ணொண்ணா சேர்க்கறேன். அதுல நடந்து பழகிட்டு அப்புறம் அந்தப் பக்கம் போறேன்." நீ கிளம்பிப் போன பிறகு மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் யோசித்தேன். (நடுவே சாப்பிட்டது கணக்கில் வராது.) யோசனையின் முடிவில் ஒரு மகா திட்டம் பிறந்தது.

நம் குடும்பத்தாருக்கு ஒரு விஷயத்துக்கு ஒரு தடவைதான் வயிறு வலிக்கச் சிரிக்கத் தெரியும். ஆகவே நீ வாங்கும் ஒவ்வொரு துணியையும் முதலில் நான் போடுகிறேன். இருக்கிற சிரிப்பை எல்லாம் என் தலையில் கொட்டித் தீர்க்கட்டும். உன் முறை வரும்போது எவர் வாயிலும் மிச்சம் இருக்காது.

நேற்றே ஆரம்பித்துவிட்டேன். நீ வாங்கிய அதே வெளிர் ஊதாச் சட்டை. காலர் கிடையாது, துணி சுற்றிய பொத்தான். என் சுற்றளவுக்குத் தைத்ததில் ஊரில் ஊதாத் துணியே தீர்ந்துபோயிற்று. அதைப் போட்டுக்கொண்டு, பேருந்து நேரம் அறிவிக்கும் என் கூண்டில் ஏறி மைக்கைத் தட்டினேன். பதினேழு பேருந்துகள் தாமாகவே முன்விளக்கைப் போட்டு வணக்கம் சொல்லின. பன்னிரண்டாம் நம்பர் வண்டி வெட்கப்பட்டுப் பின்னோக்கியே மலை ஏறிவிட்டது. டிரைவரை இன்னும் தேடுகிறோம். கண்டக்டர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, கல்யாணமா?" என்றார். "ஆமா தம்பி, பொண்ணு மட்டும்தான் பாக்கி" என்றேன்.

அப்படியே உன் அம்மா வீட்டுக்கும் போனேன். "ஐம்பத்தெட்டு வயசுல உனக்கு என்னடா கேடு?" என்று அக்கா சிரித்த சிரிப்பில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்தது. ஆக, அவள் கையிருப்பும் காலி. நீ தைரியமாகப் போட்டுக்கொண்டு போ.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருஷமாகத் தபால்தலை விற்கிறவளின் தம்பி கடிதம் எழுதாவிட்டால் அக்கா என்னைக் குடும்பத்தை விட்டே நீக்கிவிடுவாள்.

இப்படிக்கு உன் தாய்மாமன்,
பேருந்துகளின் சக்கரவர்த்தி

•

கண்ணாடிக் கடை, மாடி அறை
மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதையும் பெரிதாக்கி எழுதாமல் உள்ளபடி எழுதுங்கள்.

என் அலமாரியை நீங்கள் பார்க்க வேண்டும். தொளதொள பேன்ட் நான்கு. இடுப்பு சரியாக வந்தால் நீளம் போதவில்லை என்று எல்லாவற்றுக்கும் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கினேன். ஒரு சாம்பல் கோட்டின் தோளுக்குள் இருந்த பஞ்சை நானே பிரித்து எடுத்தேன். இப்போது அது என் தோளோடு ஒட்டி, கீழே சரிந்து நிற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்த அன்று, கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற யோசனை வரவே இல்லை. பிறந்ததில் இருந்து இருந்த யோசனை, மாமா.

எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களுக்கு மூன்று தட்டு உண்டு. இடது பக்கம் ஆண்களுக்கு, வலது பக்கம் பெண்களுக்கு, நடுவில் இருப்பது யாருக்கும். ஆறு மாதமாக நான் நடுத்தட்டில் இருந்துதான் எடுத்து மாட்டிப் பார்த்தேன். இப்போதெல்லாம் கை தானாகவே வலது பக்கம் போகிறது.

இனி கோபத்தை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஊதாச் சட்டையில் வீட்டுக்குப் போனேன். அதன் முதல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசல் தாண்ட எனக்குப் பதினோரு நாள் ஆனது. அம்மா கதவைத் திறந்தாள். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமனும் மருமகனும் சேர்ந்து கூத்தடிக்கறீங்களா? அவன்தான் கோமாளி, உனக்குமா?"

நானும் சிரித்துவிட்டேன் மாமா. அதுதான் வலிக்கிறது.

சிரிப்பு தீரவில்லை. நீங்கள் அதற்குப் பாதை போட்டு வைத்திருக்கிறீர்கள். நான் எதைப் போட்டாலும் இனி உங்கள் வேடிக்கையின் இரண்டாம் பாகம்தான்.

ஏப்ரல் 30 அம்மாவின் பணி ஓய்வு விழா. தபால் நிலையம் முழுக்க வரும். முழங்கால் வரை வரும் பச்சைச் சட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காரப் போகிறேன். நீங்கள் உங்கள் வெள்ளைச் சட்டையில் வாருங்கள். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு வாக்கியம், வேடிக்கை ஒட்டாமல் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றால் என் பக்கமே வர வேண்டாம்.

அன்புடன்,
ஒட்டடைக்குச்சி

•

பணிமனை
மார்ச் 14

அருமை ஒட்டடைக்குச்சிக்கு,

இந்த அட்டையை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் என் புளுகு புகுந்து ஒரு யானை வந்துவிட்டது.

உனக்குக் குடை பிடிப்பதாக நினைத்துக்கொண்டு உன்னை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தப்பு என்னுடையது. சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்று முதல் பயிற்சி. முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம்தான்.

மாமா

•

கண்ணாடிக் கடை, மாடி அறை
ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அட்டையில் யானை இல்லாததைப் பார்த்து, உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் மதிய இடைவேளையில் போன் செய்தேன். தபால் நிலையத்தில்தான் இருந்தாள். முத்திரை குத்தும் சத்தம் டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "மாமாவைப் பார்த்து நான் போடலம்மா. இது என்னோடது. பொண்ணா வாழணும்னுதான் ஒண்ணொண்ணா சேர்த்துட்டு இருக்கேன். உன் விழாவுக்கும் அப்படித்தான் வருவேன். வரட்டுமா?"

முத்திரைச் சத்தம் நின்றது. அம்மா வேலை நேரத்தில் முத்திரையைக் கீழே வைத்து நான் கேட்டதே இல்லை.

"என்ன கலர்?" என்றாள்.

"பச்சை."

"கசங்கிப்போய் வந்து நிக்காத. அயர்ன் பண்ணிக்கோ."

மறுபடி டக் டக். அவ்வளவுதான். நான் கடையின் பின்கட்டில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கோபம் போய்விட்டது, மாமா. நிபந்தனை போகவில்லை.

அன்புடன்,
ஒட்டடைக்குச்சி

•

பேருந்துப் பணிமனை, கண்ணாடிக் கூண்டு
மே 2

அருமை ஒட்டடைக்குச்சிக்கு,

விழாவில் நீயும் இருந்தாய். இருந்தாலும் வரலாறு எழுத ஓர் ஆள் வேண்டாமா?

நீ உள்ளே நுழைந்ததும் மின்விசிறிகள் மரியாதைக்காக நின்றன. தலைமை அதிகாரி எழுந்த வேகத்தில் நாற்காலியும் அவரோடு எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த மரங்கள் உன் பச்சையைப் பார்த்துவிட்டு, இனி எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கூட்டமாக ராஜினாமா செய்தன. அக்கா மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்து இறங்கி வந்து உன் தோள்மடிப்பை நீவிவிட்டு, "இதான் நீ அயர்ன் பண்ணின லட்சணமா?" என்று கேட்டபோது, மூட்டையில் இருந்த தபால்கள் அத்தனையும் விலாசம் மறந்து கைதட்டின. நான் அழுத அழுகையில் மூன்றாம் வரிசை மிதந்தது. நாற்காலியைத் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

சரி, சரி. அக்கா அயர்னைக் குறை சொன்னது ஊரறிந்த விஷயம், அது என் புளுகில் சேர்த்தி இல்லை. மற்றது வழக்கம்போல என் சரக்கு. இன்னும் ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். அது நீ பார்க்காதது, ஏனென்றால் உனக்கு இரண்டு வரிசை பின்னால் நடந்தது.

என் பக்கத்தில் பார்சல் பிரிவு அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "முன்னாடி பச்சை டிரெஸ்ல உக்காந்திருக்கறது யாருங்க?" என்று கேட்டார். என் வாய்க்குள் பதினாலு பதில்கள் வரிசையில் நின்றன. ஒன்றில் யானைகூட இருந்தது.

"எங்க அக்கா பொண்ணு" என்றேன்.

"நல்ல உயரம்" என்றார் அவர்.

என் உயரம் உனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் என் கால் தரையைத் தொடவில்லை. அந்த அம்மாள் உன் முதுகைப் பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கதை அளக்க இப்படி ஒரு வாய்ப்பு என் ஆயுசில் இன்னொரு தடவை கிடைக்காது. பெருமையில் என் வெள்ளைச் சட்டையின் பொத்தான் தெறித்து மேடையில் போய் விழுந்தது என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது. விழவில்லை. நிமிர்ந்து மட்டும் உட்கார்ந்தேன்.

"ஆமாங்க" என்றேன்.

அது மட்டும் நிஜம்.

மாமா