இடது கொடுத்தால் வலது

லவுத்,
9 மே 1983

அன்புள்ள சிரில்,

நீயும் உன் மனைவி எடித்தும் நலம்தானே? ஆறு வாரமாக உன்னை நம் கிளப் மைதானத்தில் காணோம். ஹேரி போடும் தேநீரைக் குறைசொல்லக்கூட ஆளில்லை.

உன்னுடையதைப் போலவே ரேடியோவில் இயங்கும் ஓர் இரட்டைச் சிறகு மாதிரி விமானம் கட்டி முடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா, நீயே பறக்கவிடு. அன்றைக்கு ஏதோ வாய்தவறிப் பேசிவிட்டேன். மறந்துவிடு.

உன்
நார்மன்


ஹார்ன்காசல்,
13 மே

அன்புள்ள நார்மன்,

அழைப்புக்கு நன்றி. நான் வரவில்லை, வருத்தப்படாதே.

என் விமானம் வயலில் தலைகுப்புற விழுந்ததும், "நான் இடதுதான் கொடுத்தேன், மூக்கு வலது பக்கம் போயிடுச்சு" என்றேன். கிளப்பே சுற்றி நின்றது. நீ சொன்னாய்: "சிறகு மாட்டினது நான். அதுல ஒரு கோளாறும் இல்ல. உன் கைதான் நடுங்குது, சிரில். இனிமே உட்கார்ந்து வேடிக்கை பாரு."

முப்பது வருட நண்பன் சொல்கிறான், நம்பாமல் என்ன செய்வது? காரை விற்றுவிட்டேன். பேத்தி பிறந்து ஒரு மாதமாகிறது. தூக்கச் சொன்னால் மறுக்கிறேன், எடித் கோபித்துக்கொள்கிறாள்.

சிரில்


லவுத்,
16 மே

சிரில்,

நலம் விசாரிக்கவும் முகமில்லை.

போன கடிதம் எழுதியதற்கு முந்தின நாளே என் விமானத்தைப் பறக்கவிட்டேன். இடது கொடுத்தேன். மூக்கு வலது பக்கம் இழுத்தது. உயரம் இருந்ததால் வால் சுக்கானைத் திருப்பி விமானத்தைக் காப்பாற்றினேன். இறக்கிப் பார்த்தேன். சிறகு ஓரத்து மடல்களில் மேலே எழுவது அதிகமாகவும் கீழே இறங்குவது குறைவாகவும் அசைய வேண்டும்; காற்றில் மாட்டி மூக்கைத் தன் பக்கம் இழுப்பது கீழே இறங்குவதுதான், இடது கொடுத்தால் அது வலது மடல். நான் தலைகீழாக மாட்டியிருந்தேன், கீழே இறங்குவதுதான் அதிகம் அசைந்தது. உன் உடைந்த சிறகு என் கொட்டகையில் கிடக்கிறது. அதிலும் அதே தப்பு.

ரகசியமாகச் சரிசெய்துவிட்டு, உன்னைக் கூப்பிட்டுப் பறக்கவைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது. குழந்தையைத் தூக்கு, சிரில்.

நார்மன்


ஹார்ன்காசல்,
19 மே

நார்மன்,

உன் கடிதத்தை எடித் வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

என் கை சில நாள் நடுங்கத்தான் செய்யும். அன்றைக்கு நடுங்கவில்லை. விமானம் போனதில் எனக்குக் கோபமில்லை. என் கைமேல் பழியை இருபது பேர் முன்னால் போட்டாய். தப்பு உன்னுடையது என்பதை எனக்கு மட்டும் உறையில் ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். உன் கடிதத்தையும் எடுத்து வருவேன். எல்லோருக்கும் கேட்கும்படி நீயே வாசி. அதற்குப் பிறகு உன் பக்கத்தில் நிற்பதா, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதா என்று பார்க்கிறேன்.

சிரில்