வலப்பக்கம் வந்த இரண்டு கோல்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. பெக்டரி மட்டும் ஓடுகிறது. நேற்று எடுத்த ரப்பர் பால் தொட்டியில் உறைந்து கிடக்கிறது, அதை உருட்டி முடிக்க வேண்டும்.

நேற்று அரையிறுதி. 3-2, ஜெயித்தோம். வருகிற ஞாயிறு யட்டியாந்தோட்டை மைதானத்தில் இறுதி ஆட்டம். தோட்டமே சந்தோஷத்தில் இருக்கிறது. கேப்டன், கோல்கீப்பர், ஆள் பொறுக்குகிறவன் மூன்றும் நான்தான். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

வாங்கிய இரண்டு கோலும் என் வலப்பக்கம். இரண்டையும் நான் பார்க்கவே இல்லை. வலக்கண் தெரியவில்லை. எழுதிவிட்டேன். வாயால் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை.

இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு இன்று பார்த்தது:
ஜன்னல் - வெளிச்சம் மட்டும்.
பெண்டாட்டி புஷ்பா - நடந்தால் தெரிகிறாள். நின்றால் இல்லை.
என் கை - மூக்குக்குக் கிட்டே வந்தால் நிழல்.
பந்து - எங்கே!

மூன்று வாரத்துக்கு முன், பால் உறையத் தொட்டியில் எசிட் ஊற்றும்போது கண்ணில் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. போட்டால் ஆவி பிடித்துவிடும், யாரும் போடுவதில்லை. விபத்துப் புத்தகத்தில் எழுதப் போனால் முதல் கேள்வியே அதுதான். அதனால் எழுதவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்துக் காம்பிரா வீட்டுச் செல்விக்குக் கைக்குழந்தை. கண்ணில் தூசு விழுந்தால் தாய்ப்பால் விடுவதுதானே இங்கே வைத்தியம். தூசு என்றேன். பாவம், ஐந்து நாள் சங்கில் பிடித்துத் தந்தாள். புஷ்பாவிடமும் தூசுதான். பிறகு சிவந்தது, வீங்கியது, வீக்கம் வற்றியபோது பூ விழுந்திருந்தது. சின்னப் பூ. கிட்டே வந்தால்தான் தெரியும். நான் யாரையும் கிட்டே விடுவதில்லை.

பந்துக்காக மட்டும் பயமில்லை. நான் ரோலர் மெஷின்காரன், உறைந்த பாலை உருளையில் கொடுத்துச் சீட் ஆக்குகிறவன். ஒற்றைக்கண்ணனை ரோலரில் நிறுத்த மாட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மலையில் புல்லு வெட்ட அனுப்புவார்கள்.

குடை கம்பி உடைந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ரோலரில் இன்று நூற்றுக்கு மேல் ரப்பர் சீட். வலக்கை எங்கே முடிகிறது, உருளை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தடவித் தடவிக் கொடுக்கிறேன். ஒரு தரம் நகத்தில் இரும்பு உரசியது. உயிர் போய் வந்தது. டீ குடிக்கும்போது விரல்களை எண்ணினேன். வெட்கக்கேடு, இரண்டு தடவை எண்ணினேன்.

பால் நிறுக்கிற நிறுவைக் கொட்டிலில் காதில் விழுந்தது:

"ரெண்டு கோலும் அந்தப் பய பக்கமாத்தானே வந்துச்சு?"

"வராம? அவன் அக்காவ குடுத்திருக்கிற தோட்டமாச்சே. மச்சானுக்கு விட்டுக் குடுத்துட்டான்."

அந்தப் பயல் நிரோஷன். வயது பத்தொன்பது. எங்கள் ரைட் பேக். பெக்டரியில் புகைக்கூட்டுக்கு விறகு சுமக்கிறான். அரையிறுதியில் எதிரே ஆடியது அவன் அக்கா வாழ்க்கைப்பட்ட ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டம். அது போதும் சனத்துக்கு. நான் அந்த இடத்தில் நின்றேன். கையில் இருந்த டீ ஆறிப்போனது.

மாலை கணேசண்ணன் வந்தார். சென்டர் பேக், நாற்பத்தி நாலு வயது, பழைய ஆட்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம்.

"டேய் சிவா, அந்த நிரோஷன தூக்கிடு. எந்தம்பிய போடு."

"அண்ணே, பழைய ஆளு ஆறு, சின்னப் பயலுக அஞ்சுன்னு கணக்கா வச்சிருக்கோம். ஒவ்வொரு பழைய ஆளு பக்கத்துலயும் ஓடுறதுக்கு ஒரு சின்னவன் வேணும்ல. அதுலதானே இம்புட்டு தூரம் வந்தோம்."

"வந்தது சரி. பைனல்ல வெளயாடக் கூடாது. சின்னதுக காலு ஓடும், மனசு நிக்காது. அவன் விட்டானா இல்லையா? நீயே சொல்லு. நீதான பின்னால நின்னு பாத்த."

நான் பார்த்தேனாம். "யோசிப்போம்ணே" என்றேன். கோழை. வேறென்ன எழுதுவது.

ஜூன் 5, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி. இடக்கண்ணே எல்லா வேலையும் செய்கிறது, அதற்கும் ஏதாவது ஆகிவிட்டால்? இப்படி நினைத்துத்தான் தலைவலி.

மாலை 4, பயிற்சி. சேறு. உத்தி ஒன்று வைத்திருந்தேன்: வலது கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டால் எல்லாம் இடப்பக்கமாகத்தான் வரும். இரண்டு பேர் அடித்ததைப் பிடித்தேன். கைதட்டினார்கள். கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு நிரோஷன். ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டினான், சின்னப்பிள்ளைக்கு உருட்டிவிடுகிற மாதிரி. கம்பத்துக்கும் எனக்கும் நடுவே போயிருக்கிறது. வலை அசைந்த சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவன் பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். கிட்டே வந்து தணிந்த குரலில்தான் கேட்டான். அதை மறைக்கக் கூடாது, தணிந்த குரலில்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் நீங்க திரும்பவே இல்லையே. அன்னிக்கும் அப்பிடித்தான். ஒடம்புக்கு ஏதும் முடியலையாண்ணே?"

நான் கத்தினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"விட்டுட்டு இப்ப எம்மேல பழியப் போடுறியா? மச்சான் வீட்டுல விருந்து நல்லாருந்துச்சா?"

நான்தான் சொன்னேன். ஊர் சொன்னதையே நானும் சொன்னேன். பழைய ஆட்கள் சிரித்தார்கள், சின்னவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நிரோஷன் பூட்ஸைக் கழற்றி இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிந்தான். தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

லிஸ்டில் 2ஆம் நம்பருக்கு நேரே நிரோஷன் பெயரை அடித்து, கணேசண்ணன் தம்பி பெயர் எழுதினேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் சொல்லுவான்? சொன்னால் நம்புவார்களா? நம்பக்கூடாது என்று முனியாண்டியை வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு வேண்டுதல்!

ஜூன் 6, வெள்ளி

வெயில். பால் வெட்டு உண்டு. பதினொன்றரைக்குப் பால் நிறுக்க நிரோஷனின் அம்மா லெச்சுமி அக்கா வந்தார். நான் பீப்பாய்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நாற்பது வயது ஆம்பிளை, பீப்பாய்க்குப் பின்னால். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். வரிசையில் ஒருத்தி, "என்னக்கா, மகன் அடுத்து எந்தத் தோட்டத்துக்கு வெளயாடுறான்?" என்றாள். லெச்சுமி அக்கா வாளியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வடிகிறவரை பிடித்துக்கொண்டிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். புஷ்பா ரசத்தை வலப்பக்கம் வைத்திருக்கிறாள். முழங்கை பட்டு எல்லாம் தரையில். துடைத்து முடித்து அங்கேயே உட்கார்ந்து கேட்டாள்:

"எத்தன?"

"என்ன எத்தன?"

"வெரல நீட்டிக்கிட்டு இருக்கேன். எத்தன?"

"வெளயாடாத புஷ்பா."

முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பூவைப் பார்த்தாள். தூசு இல்லை, எசிட் என்றேன். கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தேன். தன் தலையில்தான் அடித்துக்கொண்டாள்.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா மூணு வாரமா ரோலருக்குப் போறீங்க? கைய குடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பீங்க, நான் என்ன செய்ய? ஊட்டி விடவா?"

"ஞாயித்துக்கெழம முடியட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அப்ப நிரோஷன்?"

தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன்.

"லெச்சுமி அக்கா காலையில என்கிட்ட வந்து அழுதுச்சு. ஒம்புருசன்கிட்ட ஒரு வார்த்த கேளு புஷ்பான்னுச்சு. நான் ஒங்க பக்கம் பேசுனேங்க. எம்புருசன் கண்ணால பாக்காததச் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன்."

மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. பிற்பகல் முழுக்க ரோலரில் கை வியர்த்துக்கொண்டே இருந்தது. பயமாக இருக்கிறது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.

ஜூன் 7, சனி

மாலை 3, முனியாண்டி கோயில். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் ஜெர்சிகளை வாழை இலையில் சாமி முன்னால் வைப்போம். கேப்டன் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். சாமி முன்னால் சொன்ன பெயரை ஆட்டம் முடியும்வரை யாரும் மாற்றக் கூடாது. துரையே சொன்னாலும் கிடையாது. பதினொன்றில் தொடங்கிக் கீழே இறங்கி வரவேண்டும். கேப்டன் தன்னுடையதைக் கடைசியில் எடுப்பான்.

நல்ல கூட்டம். கர்ப்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வேலைக்குப் பொறுப்பான பெக்டரி ஐயா, வெள்ளைச் சட்டை, கைகூப்பி. சிங்களவர்தான், ஆனால் முனியாண்டி பூசைக்கு வராமல் இருந்ததில்லை. அவரைப் பார்த்ததும் லிஸ்டை விரித்துக்கொண்டேன். இன்று முடியாது, லிஸ்டில் உள்ளபடியே வாசித்துவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று, பத்து, ஒன்பது. குரல் சரியாகத்தான் இருந்தது. ஐந்து, கணேசண்ணன். மூன்று வரை வந்துவிட்டேன். இரண்டைக் கையில் எடுத்தேன். கூட்டத்தின் கடைசியில் லெச்சுமி அக்கா, பின்னால் நிரோஷன். அந்த அம்மாள்தான் இழுத்து வந்திருக்க வேண்டும். அவன் சாமியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு, நிரோஷன்."

"டேய், என்னடா வாசிக்கிற?" என்றார் கணேசண்ணன்.

ஒன்றாம் நம்பரையும் எடுத்தேன். எடுத்துக்கொண்டு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. "எனக்கு வலது கண்ணு தெரியல. மூணு வாரமாச்சு. எசிட் பட்டது. ரெண்டு கோலையும் விட்டது நான்தான். அந்தப் புள்ள இல்ல." இவ்வளவுதான் இருக்கும்.

கர்ப்பூரம் எரிந்து முடிந்துவிட்டது, யாரும் புதிதாகப் போடவில்லை. பிறகு லெச்சுமி அக்காதான்:

"நாலு நாளா எம்புள்ள சரியாச் சோறு திங்கல. தெரியுமா ஒங்களுக்கு? நாலு நாளு!"

கணேசண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "அடப்பாவி, நானே அவன தூக்கச் சொன்னேனேடா. சாமி முன்னால என்னையும் பாவியாக்கிட்டியேடா." விட்டார். நான் வருவதற்கு முன் கோல்கீப்பர் அவர்தான். நான் வந்த பிறகுதான் பின்வரிசைக்கு இறங்கினார். "அத இங்கிட்டு குடு" என்று ஒன்றாம் நம்பரைப் பிடுங்கிக்கொண்டார். ஐந்து அவர் தம்பிக்குப் போனது. சாமி கோபித்துக்கொள்ளாது என்று பூசாரி ஒரு கைப்பிடி திருநீற்றை எல்லோர் தலையிலும் எறிந்தார்.

நிரோஷன் வந்து ஜெர்சியை வாங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெக்டரி ஐயா போகும்போது, "சந்துதா ஒபிஸ் எகட வரேங்" என்றார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்று. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயம்.

ஜூன் 8, ஞாயிறு

தூறல். தோற்றோம், 2-1. கோல் வலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பந்து கணேசண்ணன் இரண்டு காலுக்கும் நடுவே போனது. "தாத்தா, கதவ சாத்துங்க!" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். அவரும் சிரித்துவிட்டார். இன்னொன்று பெனால்டி. நிரோஷன் பக்கமாக ஒன்றும் வரவில்லை. கடைசிப் பத்து நிமிஷம் கணேசண்ணன் தம்பிக்குக் காலில் பிடிப்பு. அவன் இடத்தையும் சேர்த்து நிரோஷனே ஓடினான். துரோகி என்று யாரும் சொல்லவில்லை. அவன் மச்சான் ருவான்வெல்லையிலிருந்து வந்திருந்தார், எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்தார்.

என்னிடம் அவன் இன்னும் பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

திரும்பும்போது வேனில் முன் சீட் எனக்கு. நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி.

ஜூன் 9, திங்கள்

நல்ல வெயில். காலை எட்டுக்கு ஆபீஸ். பெக்டரி ஐயா விபத்துப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தாயா என்று கேட்டார். "இல்லீங்க ஐயா." எழுதினார். ஏன் மூன்று வாரம் சொல்லவில்லை? "பயந்துட்டேங்க." அதையும் எழுதினார். புதன்கிழமை கண் கிளினிக்குக்குப் போகத் துண்டுச்சீட்டு தந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: இனி ரோலர் கிடையாது. கண் டாக்டர் சொல்வதைப் பார்த்து மலையில் ஏதாவது வேலை.

"ரோலருக்கு யாருங்க ஐயா?"

"நிரோஷன். வேற ஆள் எங்க இருக்கு?"

தலையாட்டினேன். வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடித்தேன். என்னதான் நினைத்தேன்? சொன்னால் கதை முடிந்துவிடும் என்றா?

பெக்டரியில் என் சட்டையும் சோற்று டப்பாவும் இருந்தன. எடுக்கப் போனேன். நிரோஷன் ரோலரில் நிற்கிறான். வாசலுக்கு முதுகு. ரப்பர் சீட்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், உருளை பிடித்ததும் விட்டுவிட வேண்டும். அவன் விடவில்லை. சீட் நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு கையையும் கூடவே கொண்டுபோகிறான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. போன வாரம்வரை கண் தெரியாமல் நானும் செய்தது.

கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்புவான். திரும்பினால் கை உள்ளே போய்விடும்.

வாயை மூடிக்கொண்டேன். டப்பா கையில் இருந்தது, அது சத்தம் போடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் விரல் நுனி உருளை இடுக்குவரை போனது. விட்டான்.

சீட் அந்தப் பக்கம் விழுந்தது. அவன் அடுத்ததை எடுத்தான்.