மேல்மடுவில் பிறந்தவள்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே சிக்னல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சாமான் ஜீப்பில்தான் கடிதம் வரும், பொறுத்துக்கொள்.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். அருவிக்கு மேலே ஒரு மடு, கீழே ஒரு மடு. இரண்டிலும் ஒரே இனத்துச் சின்ன மீன்கள். கீழ்மடுவில் அவற்றைத் தின்னும் பெரிய மீன் உண்டு. அருவியைத் தாண்டி மேலே ஏற அதனால் முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பிரிந்திருந்ததில் இவை வேறு, அவை வேறு என்றாகிவிட்டது. கீழ்மடு மீன் நிழல் விழுந்தாலே கல்லுக்கடியில் போய்விடும். முழுசாக வளரும் முன்பே குஞ்சு போட்டுவிடும், நாளைக்கு இருப்போமோ என்னமோ என்கிற அவசரம். மேல்மடு மீன் என் விரலையே கொத்த வருகிறது. சாட்சாத் நம் சின்னவள் வாலுதான்!

என்னை இங்கே 'பூனை' என்கிறார்கள். நடந்தால் சத்தமே வராதாம்.

வாலுவுக்கு முத்தம்.
பெரியவள்

மார்ச் 14

அன்பு மகளுக்கு,

மீன் என்ன தின்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாய். நீ சாப்பிட்டாயா?

ஒரு செய்தி, கோபப்படாதே. உன் அப்பா எழுதியிருந்தார். குடியை விட்டுவிட்டாராம், உடம்பும் முடியவில்லையாம். வாசல் அறையில் ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன் என்கிறார். சரி என்று எழுதிவிட்டேன். மனசு கேட்கவில்லை. வாலு என் வயிற்றில் இருந்தபோது போனவர், அவள் முகத்தையே பார்த்ததில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை, "எங்கப்பா வர்றாரு" என்று தெருவெல்லாம் தண்டோரா.

அம்மா

மார்ச் 22

அம்மா,

வேண்டாம். அவர் வர வேண்டாம்.

நேற்று பரிசோதனைத் தொட்டியில், பெரிய மீனை மறித்திருந்த கண்ணாடியை, தொட்டி கழுவுகிறவர் தெரியாமல் எடுத்துவிட்டார். கீழ்மடு மீன்கள் மூலையில் ஒண்டித் தப்பின. மேல்மடு மீன்கள் ஓடவே இல்லை அம்மா. யார் வந்திருக்கிறது என்று பார்க்கக் கிட்டே போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்பா வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். வாலுவுக்கு என்ன தெரியும்? நீ வாங்கிய பொம்மையையெல்லாம் "அப்பா அனுப்பினாரு" என்று சொல்லித்தானே கொடுத்தாய். கதவைத் திறக்காதே.

பெரியவள்

மார்ச் 29

மகளே,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார்.

வாலு ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினாள். "இந்தத் தடவை என்ன பொம்மைப்பா?" என்று பிரித்தாள். உள்ளே பாட்டில். "எவடி கை வைக்கச் சொன்னது!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வாலு கைகொட்டிச் சிரித்தாள். "இன்னொரு தடவை அப்படிக் கத்துங்கப்பா!"

அவர் கையை ஓங்கினார். குறுக்கே விழுந்தேன், தோளில் பட்டது. பையைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். பாட்டில் உடையப்போகிறதே என்று அவர் பின்னாலேயே ஓட, தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

தினமும் எதிர்க்கடைப் படியில் வந்து உட்காருகிறார். போலீசில் சொன்னேன். "குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கங்க" என்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக இந்தக் கடிதத்தை வாங்கிப் போகிறார்.

அவர்தான் அப்பா என்று வாலு நம்பவே இல்லை. "அப்பா அடிக்க மாட்டாரு. இது வேற யாரோ" என்கிறாள். ஜன்னலில் ஏறி நின்று, "எங்கப்பாவை என்ன பண்ணினே?" என்று கத்துகிறாள். இழுத்து வந்தால், நேரில் கேட்கிறேன் என்று தாழ்ப்பாளுக்கு ஸ்டூலை நகர்த்துகிறாள்.

அவளைப் பயப்பட வைக்க எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் வா.

அம்மா