மழைத்தண்ணீர்ச் செடி

மச்சாள்,

நேற்று மகள் ஒரு பூச்செடி வாங்கி வந்தாள். அன்னாசி போன்ற இலை, நடுவில் செக்கச் சிவந்த குருத்து. புரோமீலியாட் என்று கடைக்காரர் சொன்னாராம். யன்னலோரம் வைத்து, அதன் நடுக்குழி நிறையக் கிணற்றுத் தண்ணீர் விட்டாள்.  

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது உங்கள் கையில் இருந்ததும் இதே செடிதான். வேலைக்குப் போன என் அண்ணை திரும்பவில்லை. வீடு எரிந்துவிட்டது. நகை இல்லை, மாற்றுச் சேலை இல்லை, ஒரு பூச்சட்டி மட்டும். இணுவிலில் எங்கள் வீட்டுப் படியேறிய உங்களைப் பார்த்து நான் வாய்க்குள் சிரித்தேன். அதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

"கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கடை தண்ணியிலை சுண்ணாம்பு. படிஞ்சு குருத்து அழுகிப்போம்" என்பீர்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் போத்தல் போத்தலாகப் பிடித்து மூடி வைத்து, கோடை முழுவதும் விடுவீர்கள். நுளம்பு முட்டையிட்டுப் பெருகாமல் கிழமைக்கு ஒரு தடவை செடியைச் சரித்துக் குழியைக் கழுவுவீர்கள். அந்தச் செடி ஒருமுறைதான் பூக்கும், பிறகு மெல்லச் சாகும். அடியில் வரும் குட்டியைப் பொறுத்திருந்து பிரித்து நடுவீர்கள். அப்படியே பன்னிரண்டு வருடம், குட்டியின் குட்டியாக. அதையும் அண்ணையின் நினைவில் "அவர் வைச்சது" என்றே சொல்வீர்கள். எனக்கு எரிச்சல் வரும். கடைசி முறை வந்தது இரண்டே குட்டி. ஒன்றை எனக்குத் தந்தீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்கப் பஞ்சிப்பட்டு, கிணற்றுத் தண்ணீர் விட்டு ஒரு கோடைக்குள் சாகடித்தேன். நீங்கள் வெறுஞ் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்க, ஊரோடு கிளம்பினோம். நீங்கள் வருடம் முழுவதும் காத்திருக்கும் மழை அன்று எல்லார் தலையிலும் கொட்டியது. இவர் மாமியைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு முன்னே போய்விட்டார். நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. நாலு வயது மகள் காய்ச்சலோடு என் தோளில் கிடந்தாள்.

"உந்தச் சட்டியை வையுங்கோ மச்சாள். பிள்ளையைத் தூக்குங்கோ" என்று கத்தினேன்.

"ஓம், தாரும்" என்றீர்கள். சட்டியைப் பாலத்து ஓரத்தில் வைத்துவிட்டு, சாவகச்சேரி வரை அவளைச் சுமந்தீர்கள்.

அங்கே ஒரு பள்ளிக்கூட மூலையில் ஒரே ஒருமுறை அதைப் பற்றிக் கதைத்தீர்கள். "வைக்கேக்கை குழி நிரம்பிக் கிடந்தது. நல்ல மழைத் தண்ணி." மார்கழி முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

"பிள்ளையை விடச் செடியோ பெரிசு?" என்று இவர் இன்றும் எனக்கு ஆறுதல் சொல்வார். அவருக்குத் தெரியாது. என் மற்றத் தோளில் ஒரு மூட்டை இருந்தது. என் கூறைச்சேலையும் நாலு பட்டுச்சேலையும். அதை இறக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலை மகள் வேலைக்குப் போன பிறகு, செடியைச் சரித்து, குழியிலிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொட்டித் துடைத்தேன். வானத்தில் மேகம் இல்லை.

கூறைச்சேலை அலுமாரியில் இருக்கிறது, மச்சாள். ஒரு இழைகூட இற்றுப்போகவில்லை.