சின்ன டியூபா எடுத்தவனுக்கு

மச்சான்,

உள்ளங்கையில் இன்னும் பித்தளை மணக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. காலையில் உன் மகள் வந்து என்னை வேதக்கோயில் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பங்குச் சனம் அடிக்குரல் ஊதுகிற பழைய பித்தளை டியூபா இரண்டை அனுப்பியிருக்கிறது. இரண்டுமே சின்ன ரகம், அதிலும் ஒன்று மற்றதைவிடச் சின்னது. ஒன்று எங்கள் பாண்ட் வாத்தியத்துக்கு, மற்றது பக்கத்துப் பங்குக்கு. முதல் தெரிவு எங்களுக்கு. இவ்வளவு காலமும் இரவல் டியூபாவில் ஊதி வந்தவள், எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டாள்.

சின்ன டியூபா என்றதுமே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் மீதல்ல, உன் மீது. நீ செத்து இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை. ஆறவும் நான் விடமாட்டேன்.

எண்பத்தேழில் கோயிலுக்குள் ஷெல் குண்டு விழுந்து எங்கள் பழைய பெரிய டியூபாவின் வாய் கிழிந்துபோனது. நீ அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். அதை ஊத உன்னை விட்டால் ஆளில்லை. நீ சுழியோடி, சங்குக்கும் கடலட்டைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலின் அடிக்குப் போகிறவன். பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் நாங்களெல்லாம் மூச்சு இளைத்து ஊதுகிறபோதும் உன் சத்தம் மட்டும் குறையாது. பக்கத்தில் யூபோனியம் ஊதிக்கொண்டு நடக்கிற எனக்கு உன் ஊதல் உள்ளங்காலில் கேட்கும்.

எண்பத்தொன்பதில், ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது, பங்குச் சனம் சேர்த்துத் தந்த காசை மடியில் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் கொழும்புக்குப் போனோம். பெரிய டியூபாவுக்கு அது காணாது என்று தெரியும். கடைக்காரர் சின்ன டியூபா இரண்டைக் காட்டினார். ஒன்று முக்கால் அளவு. உடம்புதான் சிறியது, குரல் பெரியதின் அதே ஆழம். மற்றது அதைவிடவும் சின்னது. குழாய் ஒல்லி, குரலும் ஒரு படி மேலே. எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முக்கால் அளவை நீதான் முதலில் ஊதினாய். அடிச்சுரத்தைப் பிடித்தாய், கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. பிறகு பாதியில் அறுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு வால்வு இறுகிப் பிடிக்கிறது என்றாய். நான் வாங்கி ஊதினேன். வால்வு எண்ணெய் போட்டதுபோல ஓடியது. அதைச் சொன்னேன். நீ காது கேளாதவன் மாதிரி மற்றதைத் தோளில் வைத்து, அதில் ஒரு பாட்டு முழுவதும் ஊதி முடித்து, இதுதான் என்றாய். என்னையும் ஊதிப்பார்க்கச் சொன்னாய். அந்த விளையாட்டுச் சாமானை நான் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது இவ்வளவுதான்.

"சைக்கிளிலை கொண்டு திரியச் சுகம் மச்சான்."

வவுனியா வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஊதப்போகிறவன் நீ, அதனால் கடைசிச் சொல்லும் உன்னுடையது என்று விட்டுக்கொடுத்தேன். அந்த வருடப் பெருநாளில் எங்கள் பாண்ட் அத்திவாரம் போடாத வீடு மாதிரி நின்றது. பாண்டுக்கு என்ன நடந்தது என்று சனம் கேட்டது. நீ பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, டியூபாவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

அடுத்த பெருநாளை நீ காணவில்லை. தீவுப் பக்கம் சங்குக்கு இறங்கினாய். நீயாக மேலே வரவில்லை, மற்றவர்கள்தான் கொண்டுவந்தார்கள்.

உன் செத்தவீட்டில் டியூபா ஊத ஆளில்லை. பாண்ட்காரர் என்னைப் பார்த்தார்கள். தொடமாட்டேன் என்ற சாமானை அன்றுதான் முதன்முதலாகத் தூக்கினேன். உன்னைப் புதைக்கிற சேமக்காலைக்கு, உன் பெட்டிக்குப் பின்னால் ஊதிக்கொண்டு நடந்தேன். பாதி வழி போகும்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். அதை ஊத மூச்சே தேவைப்படவில்லை. அழுது அழுது நெஞ்சில் காற்றே இல்லாத எனக்கு, அந்தச் சின்னக் குழாய் சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தது. முக்கால் அளவென்றால் நான் வழியிலேயே நின்றிருப்பேன். கடையில் நீ அறுந்த இடம் அப்போது காதுக்குள் திரும்பக் கேட்டது. வால்வு பிடிக்கவில்லை. உன்னால்தான் மூச்சைப் பிடிக்க முடியவில்லை.

சேமக்காலை வாசலில் உன் மனைவியிடம் நேரே கேட்டேன். இடுப்பில் இந்தப் பிள்ளையோடு நின்றவள் ஒளிக்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டவர் அண்ணை. கடலாலை வந்து துப்பினால் ரத்தம். பாண்டிலை தெரிஞ்சால் பிறகு கடலுக்கு விடமாட்டாங்களெண்டவர்."

விட்டிருக்கத்தான் மாட்டோம். எங்கள் வலைத்தோணியில் உனக்கு ஓரிடம் இருந்தது. என் தகப்பன் உன்னை மகன் மாதிரித்தான் வைத்திருந்தார். சங்கை விட்டுவிட்டு வலை இழுக்க வா என்று முன்னரே கேட்டதற்கு, வலை இழுக்கிறது கிழவன்களின் வேலை என்று சிரித்தவன் நீ. பெரிய மூச்சுக்காரன் என்ற பெயர் உனக்குப் பெண்சாதி பிள்ளையிலும் பெரிதாகப் போய்விட்டது. அந்தப் பெயருக்காகத்தானே பங்குச் சனத்தையும் என்னையும் ஏய்த்தாய்?

எனக்குத் தாங்கமுடியாதது இதுதான். உன் மூச்சு குறைந்துவிட்டது என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அதற்கு அளவாக ஒரு டியூபாவைத் தேடி எடுத்தாய். சுற்றுப்பிரகாரத்தில் வெட்கப்படாமல் நடக்க வழி பார்த்தவன், கடலுக்கு மட்டும் பழைய ஆளாகவே போனாய். கடலில் முக்கால் அளவு, அரை அளவு என்று வைத்திருக்கிறார்களா, மடையா?

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்டு ஓடியபோது அந்த டியூபாவைக் கோயிலில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அது இல்லை. அதற்காக நான் கவலைப்படவில்லை.

இன்று காலை உன் மகள் இரண்டையும் ஊதினாள். பிறகு சின்னதைத் தடவிக்கொண்டு, இதை எடுப்போமா என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"சைக்கிளிலை கொண்டு திரியச் சுகம் மாமா."

இரண்டில் பெரியதை எடுத்து அவள் மடியில் வைத்து, அடிச்சுரத்தைப் பிடி, நான் சொல்லும்வரை விடாதே என்றேன். பிள்ளை ஒன்றும் விளங்காமல் ஊதினாள். மண்டபத்து யன்னல்கள் அதிர்ந்தன. என் உள்ளங்காலில் அந்தச் சத்தம் கேட்டது. நான் போதும் என்று சொல்ல மறந்து நின்றேன், அவளும் விடவில்லை. முகம் சிவக்கவில்லை, தோள் ஏறவில்லை. கடைசியில் அவளாக நிறுத்தி, என்ன மாமா அழுகிறீர்கள் என்றாள்.

சின்னதையே எடு பிள்ளை என்றேன். நீ பொய்க்குச் சொன்ன சொல்லை அவள் மெய்யாகவே சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சைக்கிள்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அவள் அதைக் கரியரில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மீதுள்ள கோபத்தில் ஒரு துளியும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அது முழுக்க உனக்குத்தான்.