எனக்குக் கேட்காத பிறேக்

யூலை 6, ஞாயிறு

இன்று தமிழ்ப் பூசை. வழக்கம்போலக் கோயிலுக்குள் இருந்த நேரத்தைவிடக் கார் தரிப்பிடத்தில் நின்ற நேரம் கூட. ஒல்லாந்து எல்லையடியில் இருக்கிற கெவலார் மாதாவிடம் யாத்திரை போக இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. ஹனோவரிலிருந்து போகிற ஆட்கள் காரின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "அருள் அண்ணை, ஒருக்கா வந்து கேளுங்கோ" என்று வரிசையில் நிற்கிறார்கள். மன்னாரில் லொறிக் கராஜில் பதினெட்டு வயதில் பழகிய காது இது. இங்குள்ள கராஜ்காரன் கம்பியூட்டரைச் செருகிக் கண்டுபிடிப்பதை நான் நின்ற நிலையில் சொல்லிவிடுவேன்.

கடைசியாகப் பிறின்சி வந்தாள். வீடுவீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை, நாள் முழுக்க அந்தச் சின்னக் காரில்தான் ஓட்டம். மெதுவாகப் பிறேக் பிடித்தால் முன்சில்லில் ஒரு கீச்சுச் சத்தமாம். நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில் இருந்தாள். "இப்ப கேட்டதே அண்ணை? இந்தா, இப்பவும்?" பத்துத் தரம் பிறேக் பிடித்தேன். ஒன்றுமே இல்லை.

இறங்கி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பிள்ளை, சத்தம் காரில இல்லை. உம்மட காதிலதான்." அத்தனை பேரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற றெக்ஸ் இருமி இருமிச் சிரித்தான். அவள் முகம் சிவந்து, "சரி அண்ணை" என்றுவிட்டுப் போனாள். பாவம், கொஞ்சம் பயந்த பிள்ளை.

யூலை 10

உடுப்புத் தோய்க்கிற மெஷின் வேலை முடிந்து கால் மணித்தியாலமாகக் கத்துகிறதாம். மனைவி மலர் குசினியிலிருந்து வந்து, "பக்கத்தில இருந்துகொண்டு உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றாள். பேப்பரில் கவனமாக இருந்தேன் என்றேன். இந்த மனுசிக்கு எதற்கும் ஒரு குறை வேண்டும்.

யூலை 15, செவ்வாய்

தொழிற்சாலையில் வருடாந்தக் காதுப் பரிசோதனை. தகடு அழுத்துகிற பகுதியில் இருபத்தாறு வருடம். காதுக்குக் கவசம் தந்தார்கள்தான். மெஷினின் சத்தத்தைக் கேட்டு வேலை செய்கிறவனுக்குக் கவசம் எதற்கு என்று கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னாள் பரிசோதிக்க வந்த இளம் பெட்டை. முதலில் சில சத்தங்கள் வந்தன, அமத்தினேன். பிறகு நின்றுவிட்டது. மெஷினில் ஏதோ பிழை போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே அவள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிழை மெஷினில் இல்லை.

டொக்டர் தாளைக் காட்டினார். கோடு பாதி தூரம் நேராகப் போய், அதன்பிறகு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கீழே இறங்குகிறது. உயர்ந்த சத்தங்கள் இரண்டு காதிலும் ஏறக்குறைய இல்லை. பல வருடமாகவே இப்படித்தான் இருந்திருக்குமாம்.

மலர் கேட்டாள். எல்லாம் நல்லாயிருக்கு என்றேன்.

யூலை 16

நித்திரை இல்லை. பிறேக் பாட் என்கிற உரசுகட்டை தேய்ந்து முடிகிற நேரம் அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் முட்டிக் கீச்சிடும். ஓட்டுகிறவனை எச்சரிக்கவென்றே வைத்த தகடு. இதை எத்தனை பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தச் சத்தம் உயர்ந்த சத்தம். எனக்கு இல்லாத சத்தம்.

"சத்தம் காரில இல்லை. உம்மட காதிலதான்." நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெடப்போவது அந்தப் பிள்ளை.

யூலை 21, திங்கள்

ஐந்து நாள் யோசித்து இன்று அவளுக்குப் போன் எடுத்தேன். பிறேக்கை எதற்கும் ஒருக்கா கராஜில் காட்டும் பிள்ளை என்றேன்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே அண்ணை. கராஜில நாள் குறிச்சு ரெர்மின் எடுத்து வைச்சிருந்தனான். நீங்கள் சொன்னாப் பிறகு அதை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "அது சரி, சும்மா கேட்டனான்" என்று வைத்துவிட்டேன். அறுபத்தொரு வயது மனுசன் செய்கிற வேலையா இது?

யூலை 22

இன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 2, சனி

ஒவ்வொரு வருடமும் யாத்திரைக்கு முன் வட்ஸ்அப் குழுவில் நான் போடுகிற அறிவுரையைக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எழுதினேன். கார் நிறைய ஆட்களை ஏற்றினால் ரயருக்குக் காற்றுக் கூட்டவேண்டும், அளவு எரிபொருள் மூடியின் உட்பக்கம் எழுதியிருக்கும். ஒயிலைக் கார் சமதரையில் நிற்க, எஞ்சின் ஆறினபிறகு பாருங்கள். மஞ்சள் அங்கி ஆளுக்கொன்று, பின்பெட்டியின் அடியில் அல்ல, கை எட்டுகிற இடத்தில். வாகன நெரிசலில் நின்றால் அம்புலன்சுக்கு நடுவில் வழி விடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடவுங்கள்.

பிறேக்கைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன். அது இல்லாமலே அனுப்பினேன். இருபத்தேழு பேர் கை கூப்பியிருக்கிறார்கள். பிறின்சியும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வயிற்றுவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

எனக்கு வெள்ளி இரவு வேலை. சனி மத்தியானம் ரயிலில் வந்து சேருங்கோ என்கிறாள் மலர். தான் வெள்ளி பின்னேரமே போய்விடுவாளாம். "பிறின்சியின்ர காரில ஒரு இடம் இருக்கு. நாலு பொம்பிளையளாப் போறம்."

சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். முந்நூறு கிலோமீற்றர், வெள்ளிப் பின்னேர நெரிசல், லொறிகளுக்கு இடையில் நூற்றிருபதிலிருந்து திடீரென்று பிறேக். சொன்னேன். காதை, தாளை, கீச்சுச் சத்தத்தை, எல்லாவற்றையும் சொன்னேன்.

மலர் கத்தவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "நாளைக்குப் போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

ஓகஸ்ட் 7, வியாழன்

கார் தூக்குகிற ஜக்கையும் சாவிகளையும் கொண்டு போனேன். பிறின்சி வேலை உடுப்போடு வாசலில் நின்றாள். முதலில் சில்லைக் கழற்றினேன். பாட் தாளளவுக்கு வந்துவிட்டது. டிஸ்க்கில் கீறல். அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பிறகு என் காதைப் பற்றிச் சொன்னேன். யூலை பதினைந்திலிருந்தே தெரியும் என்பதையும் சொன்னேன். அதை விட்டுவிடலாமா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தவன்தான்.

அவள் தேய்ந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணை, நான் காது டொக்டரிட்டைப் போனனான்."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் சொன்னாப் பிறகு. எனக்கு மட்டும் கேக்குதே, காதில ஏதும் வருத்தமோ எண்டு பயந்து போனன். எல்லாம் வடிவா இருக்கெண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு தலையில ஏதுமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

நிலத்தில் இருந்தபடி மன்னிப்புக் கேட்டேன். எழும்பி நிற்கவே வெட்கமாக இருந்தது. அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "என்னட்டைச் சொல்லிப்போட்டியள், சரி. ஆனா சிரிச்சது மற்ற ஆக்களெல்லே அண்ணை" என்றாள். கராஜுக்கு நான்தான் போன் எடுத்தேன். என் கார்ச் சாவியைக் கொடுத்தேன், நால்வரும் அதில் போகட்டும். வாங்கினாள். கொண்டுபோகுமுன் என் காரைத் தெருவில் இரண்டு தரம் ஓட்டிப் பிறேக்கைப் பிடித்துப் பார்த்தாள். என் கண்ணுக்கு முன்னால்தான். பார்க்கத்தான் வேண்டும்.

ஓகஸ்ட் 9, சனி

கெவலார். எங்கள் சனம் ஆயிரக்கணக்கில். மெழுகுதிரி வரிசையில் மலர் மெல்லக் கேட்டாள்: "நான் அந்தக் காரில போக இருக்காட்டி, சொல்லியிருப்பியளோ?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். மாதா முன்னால் நின்றுகொண்டு எப்படிச் சொல்ல? தெரியாது என்றேன். அவள் திரியைக் கொளுத்தி என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

தமிழ்ப் பூசை. காதுக் கருவி மாட்டி ஆறு நாள். இன்னும் பழக்கமில்லை. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை.

பூசை முடிந்து தரிப்பிடத்துக்கு வந்தேன். றெக்ஸ் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், பின்னால் இன்னும் நான்கைந்து பேர். பிறின்சி தன் காரடியில் நின்றாள். அவளைப் பார்த்துச் சொன்னால் தப்பித்துக்கொள்வது போலிருக்கும் என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். "யூலையில பிறின்சியைப் பாத்துச் சொன்னன், சத்தம் உம்மட காதில எண்டு. நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள். செவிடன் நான். அவவின்ர பிறேக் முடிஞ்சுபோய் இருந்தது. தெரிஞ்சும் மூண்டு கிழமை பேசாமல் இருந்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று எண்ணித்தான் வந்திருந்தேன், அதற்கு மனதைத் தயார்படுத்தியும் வைத்திருந்தேன். றெக்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் பொனற்றைப் பிடித்து மெல்ல இறக்கினான்.

"மூடாதேங்கோ றெக்ஸ் அண்ணை" என்றாள் பிறின்சி. நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "அருள் அண்ணை பாக்கட்டும். நான் கேக்கிறன்."

றெக்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாவியை அவளிடம் கொடுத்தான்.